சிதம்பரத்தில் நான் வாங்கிய வாக்குமூலம்

கடலூரில் இறங்கிய அன்றைக்கே இரண்டு பேர் என்னைப் போலீஸ் என்று நினைத்துவிட்டார்கள். நினைத்ததோடு நிற்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தும் போய்விட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! கடல் தாண்டி வந்து, மஞ்சக்குப்பத்து வெயிலில் வெந்து, ஆள் பிடித்து உட்கார வைத்தால் இப்படியா ஒரு மரியாதை என்று டீக்கடைக்காரரிடம் புலம்பித் தீர்த்தேன். அவர்கள் ஏன் ஓடினார்கள் என்பது புரிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. புரிந்தபோது தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் மலேசியாவில், ஈப்போவில், ஒரு கல்லூரியில் இதழியல் பாடம் நடத்துகிறவள். வயது ஐம்பத்தொன்று. முன்கோபி என்று மாணவர்கள் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. அது பொய்யில்லை. வளரும் நாடுகளில் சிறுநகரத்துச் செய்தியாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஓர் ஆய்வு. அதற்காகக் கடலூரிலும் சிதம்பரத்திலுமாக ஒரு வாரம் சுற்றுவதாகத் திட்டம்.

எங்கள் கல்லூரியில் ஒரு விதி உண்டு. யாரைப் பேட்டி எடுத்தாலும் முதலில் அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். அந்தப் படிவத்தை நானே தமிழில் பெயர்த்தேன். துணைக்கு ஒரு தடித்த அகராதி. சம்மதத்துக்கு 'ஒப்புதல்', எழுதிக் கொடுப்பதற்கு 'வாக்குமூலம்'. ஆக, உச்சியில் கொட்டை எழுத்தில் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று போட்டேன். அதன் கீழே, 'நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவுடன், நான் எழுதிய செய்திகளைப் பற்றிய உண்மைகளை ஒளிக்காமல் தெரிவிக்கிறேன்' என்று ஒரு வாசகம். எழுதி முடித்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அடடா, என்ன கம்பீரமான தமிழ் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இதைப் படிக்கிற தமிழ்நாட்டு வாசகர் இந்த இடத்திலேயே சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் சாலை விபத்தை வேடிக்கை பார்த்தவனும் போலீசில் வாக்குமூலம் கொடுப்பான், அடையாள அட்டையைத் தொலைத்தவனும் வாக்குமூலம் கொடுப்பான். அது எங்களுக்கு ஒரு சாதாரணச் சொல்.

அந்த இரண்டு நிருபர்களில் மூத்தவர் தலைப்பைப் படித்துவிட்டு, "இது என்னாங்க மேடம்?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை சார், வழக்கமாக வாங்குவதுதான். கையெழுத்துப் போடுங்கள்."

"நாங்க ஒண்ணும் பண்ணலியே" என்றார்.

தன்னடக்கம் என்று நினைத்தேன். "அப்படிச் சொல்லாதீர்கள், நீங்கள் நிறையப் பண்ணியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்று ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தேன்.

"ஒரு சாவு இருக்குது, தலைய காட்டிட்டு வந்துடுறோம்" என்று போனவர்கள்தான்.

மதியம் முதுநகர்ப் பக்கம் மீன் சாப்பாடு. பரிமாறியவருக்குப் 'போதும்' என்ற சொல் காதில் விழாது போலிருக்கிறது. கையை விரித்து இலையை மறைத்தேன். விரல் இடுக்கில் குழம்பை ஊற்றிவிட்டுப் போனார். திட்ட வாயைத் திறந்து, சங்கரா மீன் வறுவலைக் கடித்ததும் மூடிக்கொண்டேன். ஈப்போவில் நான் மீன் சாப்பிடுவதாக இத்தனை காலம் நினைத்திருந்தது வீண். சாயங்காலத்துக்குள் வேறு நான்கு நிருபர்கள் பேசினார்கள், கையெழுத்தும் போட்டார்கள். நான்கு பேரும் தலைப்பைப் பார்த்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். வெளிநாட்டுப் படிவம், அதனால் கூச்சம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மகா கெட்டிக்காரி!

செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரம் பஸ். ஏறியதும் ஜன்னலோர இருக்கை காலி. அதன்மேல் யாரோ ஒரு துண்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாவம், தேடுவார்களே என்று எடுத்துப்போய்க் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்து அங்கே உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் பஸ்ஸே அதிர ஒரு குரல்.

"யாரும்மா என் துண்ட எடுத்தது?"

துண்டு போட்டால் இடம் பிடித்ததாக அர்த்தமாம். மறந்து போனதல்லவாம். எழுந்து நின்றேன். அந்த மனிதரே பிறகு மனமிரங்கி, "சரி உக்காருங்க, வெளியூரா?" என்றார். பக்கத்து இருக்கை அம்மா மடியில் பலாச்சுளைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எனக்கும் இரண்டு சுளை கொடுத்து, அதற்கு வட்டியும் முதலுமாகக் கேள்வி கேட்டார். எந்த ஊர், என்ன வேலை, புள்ளைங்க எத்தனை. கல்யாணமே ஆகவில்லை என்றதும், "அடக் கடவுளே, அங்க மாப்ள பஞ்சமா?" என்று சத்தமாகக் கேட்டார். முன் இருக்கை மூன்றும் திரும்பிப் பார்த்தன. எங்கள் ஊரில் பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவர்கூட இதைக் கேட்டதில்லை. கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். சுளை அப்படி.

சிதம்பரம் மேலவீதியில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் ஒரு கடையில் ரெஜினா மேரியைச் சந்தித்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். பகலில் அந்தக் கடையில் கணினியில் பேனர் வடிவமைக்கிற வேலை, அதோடு ஒரு நாளிதழுக்குப் பதினோரு வருடமாகப் பகுதிநேர நிருபர். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவி என்றாள்.

"யாரு செத்தா, யாருக்குக் காதுகுத்து, எந்தக் கட்சிக்காரரு எந்தப் பக்கம் தாவுனாரு, எல்லாம் எனக்குத்தான் மேடம் மொதல்ல தெரியும். பேனர் அடிக்காம இந்த ஊர்ல ஒண்ணும் நடக்காது."

வளரும் நாடுகள் என்று என் ஆய்வுத் தலைப்பைச் சொன்னதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்பவும் வளந்துக்கிட்டுதான் இருந்துது. இன்னும் வயசுக்கு வரலியா?" எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று. மேடம் வேண்டாம், அக்கா என்று கூப்பிடு என்றேன். உடனே கூப்பிட்டாள்.

படிவத்தைக் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னாக்கா, ஸ்டேசன்ல எழுதி வாங்குற மாதிரி இருக்குது!" நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். முறையாக, சட்டப்படி இருக்கிறது என்று பாராட்டுகிறாள் என எடுத்துக்கொண்டேன். கையெழுத்தைப் போட்டு, பெயரை முழுதாக எழுதி, 'பகுதிநேர நிருபர், சிதம்பரம்' என்று அடியில் சேர்த்துக் கொடுத்தாள்.

அன்று அவள் மனம் முழுக்க ஒரு செய்தியில் இருந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அரிசி ஆலை. அது நெல்லை அவிக்க உமியை எரிக்கிறது. எரிந்த சாம்பலைத் திறந்தவெளியில் மலையாகக் கொட்டி வைக்கிறது. காற்றடித்தால் ஒரு தெரு முழுவதும் கறுப்பு. இதைப் படத்தோடு எழுதியிருந்தாள், பத்திரிகையில் வந்துவிட்டது. ஆலைக்காரர் பொய்ச்செய்தி என்று குதித்து, மறுப்பும் வருத்தமும் போடச் சொல்லி ஆசிரியரை நெருக்கிக்கொண்டிருந்தார். செத்தாலும் போட மாட்டேன் என்று இவள் நின்றுவிட்டாள். செய்தியைப் பார்த்துவிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி ஒருவர் மறுநாள், புதன்கிழமை, யாருக்கும் சொல்லாமல் ஆலையைப் பார்க்க வருகிறார் என்று அவளுக்கு மட்டும் தகவல் வந்திருந்தது.

"அவரு சாம்பலைப் பாத்துட்டாருன்னா முடிஞ்சுதுக்கா. ஆலைக்காரரு சாம்பலுக்கு மூடி போட்டே ஆகணும். நமக்கு 'செய்தி எதிரொலி' வந்துடும்."

"எதிரொலி என்றால்?"

விளக்கினாள். தங்கள் செய்தியால் ஒரு காரியம் நடந்துவிட்டால் பத்திரிகை அதைத் தனியாகக் கட்டம் கட்டி 'செய்தி எதிரொலி' என்று தலைப்புக் கொடுத்துப் போடும். பள்ளத்தை மூடினாலும் எதிரொலி, தெருவிளக்கு எரிந்தாலும் எதிரொலி. பதினோரு வருடத்தில் அவளுக்கு மூன்று கிடைத்திருக்கிறது. மூன்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தாள். மற்றவர்கள் பிள்ளைகளின் படத்தைக் காட்டுவார்கள், இவள் அந்த மூன்று கட்டங்களைக் காட்டினாள். எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் இப்படி ஒரு வழக்கம் இல்லை. இருந்தால் எங்கள் நிருபர்கள் இன்னும் கொஞ்சம் வெளியே நடமாடுவார்கள்.

"சாம்பலைப் பார்க்கவில்லை, செய்தி பொய் என்று எழுதிவிட்டால்?" என்று கேட்டேன்.

"அப்ப நான் நிருபர் இல்ல. அவ்ளோதான்."

ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனாள். நான் ஆய்வுக் கட்டுரைகளில் 'சூழல் பாதிப்பு' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்று என் கால் கணுக்கால் வரை கறுப்பில் புதைந்தது. குடத்துத் தண்ணீரில் கறுப்பு மிதந்தது. துணிகளை வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயப் போட்டிருந்தார்கள். செல்வி என்ற பெண் தன் குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்து, இமை ஒட்டிக்கிடந்தது.

"கண்ண தொறக்கவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரில சொட்டு மருந்து குடுத்தாங்க. போட்டு என்னா பண்றது, மறுபடியும் இதே காத்துதான" என்றாள்.

திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டி பள்ளத்தில் குதித்தபோதுகூட யாரையும் திட்டவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

சிதம்பரம் திரும்பியதும் ரெஜினா கடைக்குப் போய்விட்டாள். நான் கையெழுத்தான படிவங்களுக்கு நகல் எடுக்கக் கீழவீதியில் ஒரு செராக்ஸ் கடைக்குப் போனேன். கூட்டம். ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ் என்று ஆளாளுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். என் தலையில் அந்தக் குழந்தையின் கண். நகல்களை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மூலப்பிரதி இயந்திரத்தின் கண்ணாடி மேலேயே தங்கிவிட்டது. அது ரெஜினாவுடையது.

புதன்கிழமை காலை லாட்ஜுக்குக் கீழே இருந்த ஓட்டலில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கத்திரிக்காய் என்றால் எனக்கு ஆகாது. ஆனால் சிதம்பரத்துக் கொத்சு கத்திரிக்காயில் செய்தது என்பதே எனக்கு மூன்றாவது இட்லியில்தான் தெரிந்தது. நான்காவதைச் சொல்லலாமா என்று யோசிக்கும்போது எதிரே ரெஜினா வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், இது உங்க பேப்பருதான?" என்று கைப்பேசியை என் இலைக்கு மேலே நீட்டினாள்.

நேற்று மாலைவரை அக்கா. இப்போது மேடம். எனக்கு அப்போதே திக்கென்றது.

திரையில் அவள் கையெழுத்துப் போட்ட படிவம். ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டிருந்தது. கீழே எழுதியிருந்தது: 'கீழவீதி செராக்ஸ் கடையில் கண்டெடுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம். பெயர் ரெஜினா மேரி. உரியவரிடம் சேரும் வரை ஷேர் செய்யவும்.' அதோடு கும்பிடுகிற கைகள் இரண்டு. ஊரே புண்ணியம் என்று நினைத்து ஷேர் செய்திருந்தது.

"அதற்கென்ன, காணாமல் போனது கிடைத்துவிட்டதே" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். "ஒப்புதல் வாக்குமூலம்னா என்னான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"சம்மதம்..."

"கொலை பண்ணவன் குடுக்குறது மேடம். திருடுனவன் குடுக்குறது. 'ஆமாங்கய்யா, நாந்தான் செஞ்சேன்'னு போலீஸ்ல ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்குறதுக்குத்தான் இங்க அந்தப் பேரு. 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி'ன்னு வேற போட்டிருக்கீங்க. நான் எழுதுன செய்தியைப் பத்தி உண்மைய ஒளிக்காம சொல்றேன்னு போட்டிருக்கீங்க. கீழ என் கையெழுத்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலூரில் டீயை வைத்துவிட்டு ஓடிய இருவரும் கண்முன் வந்து நின்றார்கள். 'நாங்க ஒண்ணும் பண்ணலியே.' ஐயோ, நான் என்ன பதில் சொன்னேன் அவர்களுக்கு!

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டாய்?" என்று அவள்மேலேயே பாய்ந்தேன்.

"படிச்சவங்க, வெளிநாட்டுலேருந்து வந்திருக்கீங்க, தமிழ் கொஞ்சம் முன்னபின்ன இருந்தா என்னான்னு விட்டுட்டேன். உங்க பைக்குள்ளயே இருக்கப் போற பேப்பருதானன்னு நெனச்சேன். சிரிச்சேன்ல? நீங்களும்தான் சிரிச்சீங்க."

ஆலைக்காரர் கண்ணில் அது காலையிலேயே பட்டுவிட்டது. அவர் ஆசிரியருக்கு அனுப்பினார், அதிகாரிக்கும் அனுப்பினார். 'பொய்ச்செய்தி என்று நிருபரே ஒப்புக்கொண்டுவிட்டார்' என்று ஒரு வரி கூட. அன்று பகலில் வருவதாக இருந்த அதிகாரி, விசாரித்துவிட்டுச் சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். அதை ஆலைக்கும் தெரிவித்துவிட்டார்கள். சொல்லாமல் வர வேண்டியவர் சொல்லிவிட்டு வரப்போகிறார்.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் செராக்ஸ் கடைக்கு ஓடினேன். அந்த மனிதரை உண்டு இல்லை என்று பண்ணிவிடும் வேகத்தில்தான் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க! கெடச்சிதா மேடம்? நாந்தான் குரூப்ல போட்டேன். வாக்குமூலமாச்சே, முக்கியமான காயிதம், காணாம போனா கேஸுல எவ்ளோ கஷ்டம்! பத்திரமா வச்சிருக்கேன் பாருங்க" என்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்த படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த உறையும் அவர் சொந்தமாகப் போட்டது. நான் என்ன திட்டுவது? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை கடலூருக்குத் திரும்பி, மாவட்டச் செய்திகளைப் பார்க்கும் ஆசிரியரைச் சந்தித்தேன். கல்லூரிக் கடிதம், மலாய் மொழி மூலப் படிவம், அகராதியின் பக்கம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"புரியுதும்மா. நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. இத நான் எப்பிடிப் போடுறது? 'ஒப்புதல் வாக்குமூலம் என்பது ஒப்புதல் வாக்குமூலம் அல்ல'ன்னு தலைப்பு குடுக்கட்டுமா?"

"ஏன், கொடுங்களேன்."

"படிக்கிறவன் சிரிப்பான்ம்மா. ஏற்கெனவே ஊரு ரெண்டு நாளா சிரிக்குது. சனிக்கிழமை அதிகாரி வந்து பாக்கட்டும். சாம்பல் இருந்தா ரெஜினாவும் இருப்பா."

வெளியே வந்து பேருந்து நிலையத்தில் ஒரு டீ. ஈப்போவில் நாங்கள் குடிக்கிற குவளையில் கால்வாசிதான் இருக்கும் அந்தக் கண்ணாடி டம்ளர். அதைக்கூட முடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் அதிகாரியின் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன். இந்த முறை தலைப்பே போடவில்லை. அங்கிருந்த எழுத்தரிடம் ஒவ்வொரு வரியையும் காட்டி, "இதற்கு இந்த ஊரில் வேறு அர்த்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சனிக்கிழமை ரெஜினாவும் நானும் அந்தத் தெருவுக்குப் போனபோது எனக்கு இடம் மாறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. சாம்பல் மலை இல்லை. மலை இருந்த இடத்தில் செம்மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, வரிசையாகத் தென்னங்கன்று நட்டிருந்தார்கள். ஆலையின் பின்பக்கம் புதுத் தகரக் கொட்டகை, அதற்குத் தார்ப்பாய் மூடி. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு வெளியே கொடி கட்டித் துணி உலர்ந்தது. செல்வியின் குழந்தை கண்ணைத் திறந்து ஒரு பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா லாரி லாரியா வாரிக்கிட்டுப் போனாங்க" என்றாள் செல்வி. "எது எப்பிடியோ, துணி வெள்ளையா இருக்குது பாருங்க."

அதிகாரி வந்தார், சுற்றிப் பார்த்தார். 'திறந்தவெளியில் சாம்பல் இல்லை, செய்தியில் கூறப்பட்டது உண்மையல்ல' என்று எழுதத் தொடங்கினார்.

"செவ்வாய்க்கிழமை நான் என் கண்ணால் பார்த்தேன்" என்று கத்தினேன். "கணுக்கால் அளவு சாம்பல். படம் இருக்கிறது. இந்தக் குழந்தையைக் கேளுங்கள், இந்தத் தெருவைக் கேளுங்கள்!"

"அது அன்னிக்கிம்மா. நான் இன்னிக்கிப் பாக்குறததான் எழுத முடியும்" என்றார். பிறகு மிகுந்த அன்போடு, "நீங்க எந்த விசாவுல வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

ரெஜினா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

ஆலைக்காரர் ஓர் இளநீரோடு என்னிடம் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. "மலேசியாவா மேடம்? எங்க மச்சான் கிள்ளான்லதான் இருக்காரு. நல்ல நேரத்துல வந்தீங்க, போங்க" என்று கை கூப்பினார். அந்தக் கும்பிடு எனக்குச் செருப்படியாக விழுந்தது. மூன்று நாள் அவகாசத்தை அந்த மனிதருக்கு வாங்கிக் கொடுத்தது நான். இளநீரை வாங்காமல் திரும்பி நடந்தேன். ரெஜினா தென்னங்கன்றுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இதைப் போய் எதற்கு எடுக்கிறாள் என்று எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்ப வேண்டும். பெட்டியோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்து, பக்கத்து டீக்கடையில் கிடந்த பத்திரிகையைப் புரட்டினேன். மாவட்டப் பக்கத்தில், நடுவில், படத்தோடு ஒரு செய்தி. 'உமிச் சாம்பலை அகற்றிய அரிசி ஆலை: கிராம மக்கள் பாராட்டு.' தென்னங்கன்று வரிசைக்குப் பின்னால் ஆலைக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார். பொதுமக்கள் நலன் கருதிச் சாம்பல் முழுவதும் அகற்றப்பட்டதாம். இனி ஒருபோதும் திறந்தவெளியில் கொட்ட மாட்டோம் என்று உரிமையாளர் தெருப் பெண்கள் முன்னிலையில் உறுதியளித்தாராம்.

என் ரத்தம் கொதித்தது. அப்போதுதான் சர்ச்சில் பூசை முடிந்து ரெஜினா என்னை வழியனுப்ப வந்தாள். ஸ்கூட்டியின் முன்பக்கம் 'பிரஸ்' என்று ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது.

"இந்த அக்கிரமத்தைப் பார்த்தாயா? எழுதினவன் கையில் புழு விழ!" என்று பத்திரிகையை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

"நாந்தான் எழுதுனேன்" என்றாள்.

ஆட்டிய பத்திரிகையைக் கீழே இறக்கினேன்.

"கார்ட வாங்கிக்கிட்டாங்க. செய்தி குடுக்கலாமாம், நிருபர்னு சொல்லிக்கக் கூடாதாம். என் செய்திதான் பொய்யின்னு ஆயிடுச்சே, பொய்க்கு ஏது எதிரொலி? அதான் பாராட்டுன்னு போட்டுக் குடுத்தேன். பாராட்டுன்னா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. அந்தாளு போன் பண்ணி தேங்க்ஸ் சொன்னாரு. ஃபிரேம் போட்டு ஆலையில மாட்டப் போறாராம். மாட்டட்டும். அடுத்த தடவ சாம்பல் பறந்துச்சின்னா, இனிமே கொட்ட மாட்டேன்னு நீதான சொன்னன்னு செல்வி அந்தப் பேப்பரைத் தூக்கிக்கிட்டுப் போய் நிப்பா. பேப்பர்ல பேரு கெட்டா அந்தாளுக்குக் கோவம்தான் வரும். நல்ல பேரு வந்துட்டா, அதக் காப்பாத்திக்கிட்டுத்தான ஆவணும்."

இருபத்தாறு வருடம் இதழியல் நடத்தியிருக்கிறேன். இதை நான் எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுத்ததில்லை, எனக்குத் தெரியாது.

"உனக்கு வருத்தமே இல்லையா ரெஜினா?"

"இருக்குது" என்றாள். "அந்தாளு மேல இல்ல, அவரு குணம் தெரிஞ்சதுதான். ஆசிரியர் மேலயும் இல்ல. உங்க மேலதான் மேடம். அகராதியப் பாத்தீங்க, கல்லூரியக் கேட்டீங்க. பதினோரு வருசமா அந்த வார்த்தைய எழுதிக்கிட்டிருக்கிறவ நான். நாங்க எப்பிடி எழுதுறோம்னு ஆராய்ச்சி பண்ணத்தான வந்தீங்க? இதுக்கு இங்க என்னா அர்த்தம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்களுக்குத் தோணலையே."

என் பெட்டியைத் தூக்கிப் பஸ் படியில் வைத்தாள். கண்டக்டரிடம், "அம்மா வெளிநாட்டுலேருந்து வந்திருக்காங்க, பாத்து எறக்கி விடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.